ஆங்கில வகுப்பு: செட்டிநாட்டுப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பி.எட். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார்கள். வருகிற ஆள் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று உட்கார்ந்தேன். நடுநடுவே பெற்றோர் கேட்பதும் இருக்கிறது.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா? எங்கள் ஹெச்.எம். கூடவே கூடாது என்கிறார்.

பேசலாம். எப்போது, எவ்வளவு என்பதில்தான் சாமர்த்தியம்.

ஆங்கிலத்தில் ஒரு வரி வாசித்து, உடனே தமிழில் பொருள் சொல்லி, அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதைத்தான் விட வேண்டும். பின்னாலேயே தமிழ் வருகிறது என்று தெரிந்த பிள்ளை ஆங்கில வரி ஓடும்போது காதைக் கழற்றி வைத்துவிடும். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து தமிழ் மட்டும் கேட்டிருக்கும்.

நான் செய்தது இப்படி. புதுப் பாடம் தொடங்கும்போது கதையின் முடிச்சை மட்டும் தமிழில் மூன்று நிமிஷம் சொல்வேன். முடிவைச் சொல்ல மாட்டேன். பிறகு புத்தகம் ஆங்கிலத்தில். எழுந்திரு, பக்கத்தைத் திருப்பு, ஜன்னலைத் திற, லேட்டாக ஏன் வந்தாய் என்பதெல்லாம் எப்போதும் ஆங்கிலத்தில். தினமும் ஒரே வாக்கியம் காதில் விழுவதால் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதே இல்லை. இலக்கணத்துக்கு மட்டும் தமிழைக் கூச்சமில்லாமல் இழுத்துக்கொள்வேன். காரணம் அடுத்த கேள்வியில்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் பள்ளியில், வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். வசூல் நோட்டு என் கையில். ஏழாம் வகுப்பில் வாயாடிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆடி மாதத்துக்குள் பதினோரு ரூபாய் கட்டினாள். ஆவணியில் ஒரு பைசா கட்டவில்லை. தேறிவிட்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அவள் பேசுவதையே நிறுத்தியிருக்கிறாள் என்று தமிழாசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நோட்டை நான் அப்போதே கிழித்திருக்க வேண்டும். வருஷக் கடைசி வரை வசூல் செய்துகொண்டுதான் இருந்தேன்.

டென்ஸ் எத்தனை தடவை நடத்தினாலும் ஏறவில்லை. பிரசன்ட் பெர்ஃபெக்ட் வந்தாலே வகுப்பு முழிக்கிறது.

பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையைக் கரும்பலகையில் எழுதினால் நானும்தான் முழிப்பேன். அதை அழித்துவிட்டு மூன்று வாக்கியம் எழுதுங்கள். நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள்.

மாமா வந்தாக.
மாமா வந்திருக்காக.
மாமா வந்திருந்தாக.

"இதுல எதைச் சொன்னா மாமா இன்னும் வீட்டுக்குள்ள உக்காந்திருக்காகன்னு அர்த்தம்?" என்று கேளுங்கள். கடைசி பெஞ்சுகூடச் சொல்லிவிடும், ரெண்டாவது என்று. மூன்றாவது? "வந்துட்டுப் போயிட்டாக டீச்சர்." முடிந்தது. முதலாவது 'கேம்', இரண்டாவது 'ஹேஸ் கம்', மூன்றாவது 'ஹேட் கம்'. நடந்து முடிந்த காரியம் இன்னும் நம் முன்னால் நிற்கிறது என்பதைச் சொல்லத் தமிழ் 'இரு' என்ற சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது, ஆங்கிலம் 'ஹேவ்' என்ற சொல்லை. நடுவீட்டில் அம்மாவிடம் தினமும் சொல்லும் வாக்கியத்தைத்தான் பிள்ளை வகுப்பில் புதுசு என்று நினைத்துப் பயப்படுகிறது.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதையும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். தமிழில் "மாமா நேத்தே வந்திருக்காக" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்த இடத்தில் 'ஹேஸ் கம்' நிற்காது, 'கேம்' தான். நாம் எல்லோரும், ஆங்கிலம் எம்.ஏ. முடித்தவர்கள் உட்பட, "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று சொல்வது இந்த வழியாக வந்ததுதான். தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதற்கும் இதே மருந்து. "எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துக்கிட்டு இருக்காக" என்று யாராவது சொல்வார்களா என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும். சிரித்த பிள்ளை மறுபடி எழுதாது. "ஐ ஆம் நோயிங்" என்பதும் அப்படியே. "தெரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்று நம் வாயில் வருகிறதா?

'இஸ்', 'ஆர்' எல்லாவற்றையும் விட்டுவிட்டு "ஹி டாக்டர்" என்று எழுதுகிறார்கள். 'தி' எங்கே போட வேண்டும் என்பதும் தெரியவில்லை.

"அவர் டாக்டர்" என்பது தமிழில் முழு வாக்கியம். வினையே வேண்டாம். அதனால் பிள்ளை எதையும் விடவில்லை. அதன் கணக்கில் வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்துக்கு வினை இல்லாமல் முடியாது என்பதை ஒரு விதியாகச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் நோட்டில் வினையை மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடிக்கோடு விழாத வாக்கியம் தானே கண்ணில் குத்தும்.

'எ', 'தி' இரண்டுக்கும் பாட்டி கதை போதும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு..." முதல் தடவை 'ஒரு', இரண்டாம் தடவை 'அந்த'. முக்கால்வாசி இடத்தை இது தாங்கிவிடும். சூரியன், சந்திரன், நதிப் பெயர்கள், வாத்தியங்கள் என்று மிச்சம் கால்வாசி இருக்கிறது. அது படிக்கப் படிக்க வரும், பட்டியல் போட்டால் வராது.

உச்சரிப்பை எந்த அளவுக்குத் திருத்துவது?

பொருள் மாறுகிற இடத்தில் திருத்துங்கள், மற்றதை விடுங்கள்.

தமிழ் எழுத்தில் குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. குளிருக்குப் போடுவதும் 'கோட்', கொல்லையில் கட்டியிருப்பதும் 'கோட்'. க, ச, ட, த, ப எல்லாம் நமக்கு ஒற்றை எழுத்து; சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும், பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அந்த ஒலி மாறினால் ஆடு சட்டையாகிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காற்று அடிக்கும், குப்பைத்தொட்டிக்கு அடிக்காது. ஐந்து நிமிஷ விளையாட்டு, ஆறாம் வகுப்புக்கு ரொம்பப் பிடிக்கும்.

'இஸ்கூல்', 'பஸ்ஸு', 'வொன்லி' வகையைக் கேட்டவுடன் சரிசெய்யாதீர்கள். பிள்ளை பேசி முடிக்கட்டும். பிறகு நீங்கள் அதே வாக்கியத்தைச் சரியாக ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். லண்டன்காரர் மாதிரிப் பேச வைக்க நம்மாலும் முடியாது, அதற்கு அவசியமும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புக் கவிதைகள் பிள்ளைகளுக்குத் தூரமாக இருக்கின்றன. உரைநடையில் பொருள் சொல்லும் பாராஃப்ரேஸை எழுதிப் போட்டுவிட்டு நகர வேண்டியதுதானா?

இப்போதுள்ள மாநிலப் பாடநூலில் வங்காளத்துப் பெண் கவிஞர் தோரு தத் ஆங்கிலத்தில் எழுதிய சவுக்கு மரக் கவிதை இருக்கிறதல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். 'கேசுவரினா' என்றவுடன் நான் கரும்பலகையில் 'சவுக்கு' என்று எழுதினேன். வகுப்பு சப்பென்று ஆகிவிட்டது. நம் பிள்ளைகளுக்குச் சவுக்கு என்றால் கல்யாணக் கொட்டகைக்கு நடும் கம்பு. நாலைந்து வருஷத்தில் வெட்டி லாரியில் ஏற்றுவது. அதைப் பற்றி ஒருத்தி ஏன் உருகி உருகிக் கவிதை எழுத வேண்டும்?

தப்பு என்னுடையது. சொல்லுக்குப் பொருள் சொன்னேனே தவிர மரத்தைக் காட்டவில்லை. அந்தக் கவிதையில் வருவது கல்கத்தாவில் தோரு தத் குடும்பத்தின் தோட்ட வீட்டில் வெட்டப்படாமல் வளர்ந்த கிழ மரம். மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி அடியிலிருந்து உச்சி வரை சுற்றிக்கொண்டு ஏறியிருக்கிறது. கூட விளையாடிய அண்ணனும் அக்காவும் அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம். எழுதிய பெண் 1856-ல் பிறந்து 1877-ல், 21 வயதில், தானும் போய்ச் சேர்ந்தாள். இதை முதலில் சொல்லியிருந்தால் 'சவுக்கு' என்று எழுதும் வேலையே வந்திருக்காது.

மறுநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ஒரு மரம் இருக்கா?" என்று கேட்டேன். ரோடு அகலப்படுத்தியபோது போன புளியமரங்கள் வந்தன. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக் கொல்லையில் சுவரேறிக் குதித்துப் பறித்த மாங்காய் வந்தது. ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுத வேண்டும், இலக்கணம் பார்க்க மாட்டேன் என்றேன். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, பேசவே மாட்டாள், எழுதியது இது: "தி ட்ரீ இஸ் நாட். பட் ஐ கோ அண்ட் ஸிட் தேர்."

சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டு மூடி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கவிதையை அவளுக்கு நான் நடத்தவில்லை. தானே படித்துக்கொண்டாள். ஆங்கில ஆசிரியர் வேலை என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். வருஷத்தில் ஒரு தடவையாவது ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் கைடில் இல்லாத, அதற்கே சொந்தமான ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் வர வேண்டும். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் மெமரி போயம்?

மனப்பாடம் நல்லது. சத்தம் போட்டுப் பாட விடுங்கள். எழுதிப் பார்க்கும்போது நிறுத்தக் குறிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உரைநடைப் பாடத்தையும் இப்படி ஊரோடு சேர்க்க முடியுமா?

எல்லாப் பாடத்தையும் சேர்க்க முடியாது. வலிந்து சேர்த்தால் பிள்ளைகளுக்கே சலிக்கும். சிலது தானாக வந்து உட்காரும். பத்தாம் வகுப்பில் லியாம் ஓ'ஃபிளாஹெர்ட்டியின் கடற்பறவைக் குஞ்சுக் கதை அப்படி. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துவிட, ஒரு குஞ்சு மட்டும் பாறை விளிம்பில் பயந்து நிற்கும். தாய் ஒரு துண்டு மீனை அலகில் கவ்விக்கொண்டு கிட்டே வந்து, கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கும். பசி தாங்காமல் குஞ்சு மீனைப் பார்த்துப் பாய்ந்து, விழுந்து, விழும்போதே சிறகு விரியும்.

திருப்பத்தூர்ப் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். நத்தைகுத்தி நாரைக் குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டு இறக்கையை அடித்து அடித்துப் பார்க்கும், பறக்காது என்று அவன் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினேன். ஒன்பது வாக்கியம் சேர்ந்தது. அதில் ஐந்து வாக்கியத்தின் சொற்கள் பாடத்திலேயே இருந்தன. பிறகு பாடத்தை வாசித்தோம்.

தாய்ப் பறவை செய்தது சரியா என்று கேட்டேன். "எங்க ஆயா சீயத்தைக் காட்டிக்கிட்டே பின்னால நகர்ந்து போகும், தம்பி நடக்கப் பழகுனது அப்பிடித்தான்" என்றான் இன்னொருவன். ஆயா என்றால் பாட்டி, சீயம் எங்கள் பக்கத்துப் பலகாரம். கைடில் அந்தக் கேள்விக்கு இரண்டு பத்தி விடை இருக்கிறது. இவன் விடை அதைவிடக் கெட்டி.

கைடு வாங்கக்கூடாது என்று சொல்லலாமா?

சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார்களா! பெட்டிக்கடையில்கூடத் தொங்குகிறது. வாங்கட்டும். ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வியாவது கைடில் இல்லாததாகக் கேளுங்கள், ரிவிஷன் டெஸ்டிலும் கேளுங்கள். என் மனத்தாங்கல் பிள்ளைகள்மேல் இல்லை. ஆசிரியரே கைடைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார் பாருங்கள், அங்கேதான்.

பத்தாம் வகுப்பில் 35 எடுக்கவே திணறும் பிள்ளைகளை என்ன செய்வது? பிப்ரவரி வந்துவிட்டது.

பிப்ரவரியில் கவிதை ரசனை பேசிப் பயனில்லை, ஒப்புக்கொள்கிறேன். முன்பு இரண்டு தாளாக இருந்த ஆங்கிலம் 2019-20 முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். அதில் வழி சொல்லும் வரைபடக் கேள்வி, படத்தைப் பார்த்து எழுதுவது, விளம்பரம், கடிதம், பிழை திருத்தம், பத்தி படித்து விடை எழுதுவது என்று பாடத்தை மனப்பாடம் செய்யாமலே தொடக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்.

வழி சொல்லும் கேள்விக்கு மாதிரித் தாளில் உள்ள அநாமதேய ஊரை விட்டுவிடுங்கள். காரைக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கொப்புடையம்மன் கோவிலுக்கு வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்கிறார் என்று வைத்து, பிள்ளைகளே தரையில் சாக்பீஸால் படம் போடட்டும். ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க, மற்றவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வழி சொல்ல வேண்டும். 'லெஃப்ட்' என்பதற்கு 'ரைட்' சொன்னால் மேசையில் முட்டிக்கொள்வான். இரண்டு நாளில் அந்தக் கேள்வி கைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் சொன்ன சொல்லுக்கு ஒரு ஆள் திரும்புகிறான் என்பதைப் பார்த்த பிள்ளையின் முகத்தை நீங்களும் பார்க்க வேண்டும்.

ஒரு வகுப்பில் 50 பேர். கட்டுரை எழுதச் சொன்னால் திருத்த ஆள் இல்லை.

எல்லாப் பிழையையும் திருத்த வேண்டும் என்று யார் சொன்னது? இந்த வாரம் வினை மட்டும். அடுத்த வாரம் முற்றுப்புள்ளியும் பெரிய எழுத்தும். நோட்டு சிவப்பாகத் திரும்பி வந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும்.

சின்னதாக எழுத வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் டீ போடுவதற்கு 11 விதி எழுதிய கட்டுரை இருக்கிறது. அதை நடத்தி முடித்ததும், வீட்டில் செய்யும் ஒரு பலகாரத்துக்கு ஐந்து விதி எழுதச் சொன்னேன். வெள்ளைப் பணியாரம் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதற்கு மேலே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். 'கோபுரமா' என்பதற்கு என்ன டீச்சர் என்றார்கள். 'ஹீப்' என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் அதை எழுதவில்லை. "புட் உளுந்து லைக் டெம்பிள் டவர்" என்று எழுதியிருந்தான். ஆர்வெல்லுக்கே பிடித்திருக்கும். 'எ'யை மட்டும் உள்ளே செருகிவிட்டு அப்படியே விட்டேன்.

பேச வைப்பது எப்படி? "டெல் அபவுட் யுவர்செல்ஃப்" என்றால் எல்லோரும் ஒரே ஒப்பிப்பு.

தெரிந்ததைக் கேட்டால் ஒப்பிப்புதான் வரும். கேட்பவருக்கும் தெரியாத ஒன்று வேண்டும்.

1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் செய்துபார்த்த முறை ஒன்று உண்டு. உலகத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் எல்லாரும் அதை 'பெங்களூர்த் திட்டம்' என்று படிக்கிறார்கள். இலக்கணத்தை முன்னால் வைக்காமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து ஒரு கணக்கைத் தீர்க்கச் சொல்வது. தீர்க்கிற முனைப்பில் மொழி பின்னாலேயே வரும். நம் ஊருக்கு அதை மாற்றுவது சுலபம். விடியற்காலை காரைக்குடியில் புறப்படும் பல்லவன் ரயிலின் நேர அட்டவணை பாதிப் பிள்ளைகளிடம்; புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வரும் முதல் பஸ்களின் நேரம் மறு பாதியிடம். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. யார் எப்போது கிளம்பினால் ரயிலைப் பிடிக்கலாம்? ஆங்கிலத்தில் கேட்டால்தான் பதில்.

இன்னொன்று, வீடு. 'இன்', 'அட்', 'த்ரூ', 'பிஹைண்ட்', 'பிட்வீன்' எல்லாவற்றையும் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நடந்தே சொல்லிவிடலாம்: முகப்பு தாண்டி, பட்டாலைக் கூடம் வழியாக, முற்றமுள்ள வளவுக்குள் இறங்கி, அடுத்த பகுதியான இரண்டாங்கட்டுக்குப் பின்னால். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அந்தத் தெருவில் இருக்கும் பிள்ளைக்கு இது வெறும் பயிற்சியாகத் தெரியாது. வளவை 'கோர்ட்யார்ட்' என்று சொல்லிவிட்டு, அது ஏன் முழுசாகப் பொருந்தவில்லை என்று விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள்.

ஷேக்ஸ்பியர் இந்தக் காலத்துக்குத் தேவையா?

கதையாக, நாடகமாக, ஆம். பழைய ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிப் போடுவதானால் வேண்டாம். கம்பன் விழா நடக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய செய்யுள் என்றால் பயம் இருக்காது. வாய்விட்டுச் சொல்ல விட வேண்டும், அவ்வளவே.

என் மகளை ஆங்கில வழியில் போடலாமா, தமிழ் வழியிலா? (பெற்றோர் கேட்பது)

அரசுப் பள்ளிகளிலேயே 2012-13-லிருந்து ஆங்கில வழிப் பிரிவு வந்துவிட்டது, செலவுக் கவலை இல்லை. ஆனால் பலகையில் 'ஆங்கில வழி' என்று இருப்பதால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடாது. அறிவியல் பாடத்தை ஆங்கிலத்தில் புரியாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை வீட்டில் தமிழ்ப் புத்தகம் வாசிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொன்று சீக்கிரம் பிடிபடும்.

இந்த மண்ணுக்கு இரண்டு மொழிப் புழக்கம் புதிதில்லை. செட்டியார்கள் பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டிக்கடை வைத்திருந்த, காலத்தில் பேரேடு தமிழில் இருந்தது, கோர்ட்டு விவகாரம் ஆங்கிலத்தில் நடந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவர். 1947-ல் அவர் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியின் வழியில் 1985-ல் பல்கலைக்கழகமே வந்தது.

ஆங்கில ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்?

ஆறு முதல் பத்து வரை நடத்தப் பட்டதாரி ஆசிரியர்: பி.ஏ. ஆங்கிலம், பி.எட். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர்: எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும். பி.எட். 2015-லிருந்து இரண்டு வருஷம். இரண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளியில் பயிற்சி.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மிச்சம் 60? ஆங்கிலம் படித்தவரும் சமூக அறிவியலையோ கணக்கு-அறிவியலையோ எடுத்துத்தான் எழுத வேண்டும். மூன்று வருஷம் மில்டன் படித்துவிட்டு முகலாயர் வரலாற்றுக்கு உட்கார வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படாத ஆங்கில பி.ஏ. இல்லை. முதுகலை ஆசிரியர் தேர்வில் 110 கேள்வி பாடத்தில், 30 கல்வியியல், 10 பொது அறிவு. அதற்கு முன்னால் தமிழ்த் தகுதித் தாள். 50-க்கு 20 எடுக்காவிட்டால் ஆங்கில விடைத்தாளைத் தொடவே மாட்டார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தமிழ் தெரியாதவர் 'மாமா வந்திருக்காக' என்பதை எப்படி நடத்துவார்?

குறித்த நாளுக்கு முன்னதாக வைப்பதை 'ப்ரிபோன்' என்று சொல்வது தப்பா?

தப்பில்லை. இந்தியாவில் புழங்கிப் புழங்கி ஆக்ஸ்போர்டு அகராதி வரை போய்விட்ட சொல். "வாட் இஸ் யுவர் குட் நேம்" என்பதையும் யாரும் தூக்கில் போட மாட்டார்கள். பரீட்சையில் எழுத வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

வருகிற திங்கட்கிழமை என் முதல் வகுப்பு. எட்டாம் வகுப்பு, 46 பேர். என்ன செய்வது?

பாடம் எடுக்காதீர்கள். ஆளுக்கு அரைத்தாள் கொடுங்கள். "ஐ கேன்..." என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அவரவர் செய்யத் தெரிந்த ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் தெரியாத இடத்தில் தமிழில் எழுதலாம். தாளைச் சேர்த்து வாங்கி, பெயர் சொல்லாமல் ஒவ்வொன்றாக வாசித்து, யாருடையது என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாடு கறப்பவன், கண்டாங்கிச் சேலைக்கு நூல் சுற்றுபவள், கண்மாயில் கெண்டை பிடிப்பவன், ஆத்தங்குடிக் கல்லுக்குச் சாயம் ஊற்றும் அப்பாவுக்கு எடுபிடி என்று வரும். ஒரு மணியில் 46 பேரையும் வாசித்து முடிக்க முடியாது. மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு வையுங்கள், அவர்களே கேட்பார்கள்.